வெயில் அமைத்த களம்

சித்திரை பிறந்ததும் நாகபுரித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. எவற்றைச் செய்யலாம் என்னும் பட்டியல் அன்று. எவற்றை நிறுத்தி வைக்கலாம் என்னும் பட்டியல். குழந்தைகளின் பாட்டு வகுப்பு நிற்கும். ஞாயிறு மாலைப் பந்தாட்டம் நிற்கும். சங்கத்து நூலகத்திற்கு வருவோர் தொகை குறையும். காரணம் கேட்டால் இரண்டே விடைகள். ‘வெயில்’ என்பது ஒன்று. ‘எல்லாம் தொலைவில் இருக்கிறது’ என்பது மற்றொன்று. மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தொடும் ஊரில் முதல் விடையை மறுப்பார் எவர்? பிறந்த மண்ணுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்வோரிடம் இரண்டாவது விடையை மறுப்பதும் எளிதன்று.

மாதந்தோறும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இப்பகுதியில் எழுதி வருகிறேன். வெயிலும் தொலைவும் மிகுந்த இடத்திலேயே பிறந்து, அவற்றின் நடுவிலேயே வளர்ந்த ஒன்றை இத்திங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள் கண்டெடுத்த அதற்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். சரக்குக் கணக்கு எழுதும் இரயில்வே எழுத்தனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் நகைக்கலாம். சக்கரம், சூடு, தூரம் ஆகிய மூன்றும் எங்கள் தொழிலுக்கும் உரியவை அல்லவா? அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஹாட் ராட் என்பது கடையில் விற்கும் வண்டி அன்று. பழைய மோட்டார் வண்டி ஒன்றை மலிவாக வாங்கி, எடை குறையும்பொருட்டுச் சக்கரங்களின் மேலுள்ள தகரக் காப்புகளையும் பிற அணிகளையும் கழற்றி எறிந்து, இயந்திரத்தைத் தன் கையால் பிரித்துத் திருத்தி, முன்னினும் பன்மடங்கு விரைவாக ஓடச் செய்வதே அக்கலை. போர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ‘மாடல் டி’ என்னும் வண்டிகளை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றது. அவை பழையனவாகி மலிந்தபோது, பணமில்லாத இளைஞர்க்கும் ஒரு வண்டி கிட்டியது. 1932ஆம் ஆண்டில் அதே நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட இயந்திரத்தைச் சாமானிய மக்களுக்கான வண்டியில் வைத்து விற்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 65 குதிரைத் திறன். இன்றைய கணக்கில் சிறிது; அன்று அது பெரிது. ஹாட் ராட் அன்பர்கள் அந்த 1932ஆம் ஆண்டு வண்டியை இன்றும் தேடி அலைகின்றனர்.

வண்டி கிடைத்தது. ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே! தெருவிலே ஓட்டினர் சிலர். அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. விபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் போயின, ஊரார் வெறுத்தனர், பத்திரிகைகள் பழித்தன. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே, மலைகளைத் தாண்டி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், மொகாவி என்னும் பாலைவனம் இருக்கிறது. அங்கே நீரற்ற ஏரிகள் பல உண்டு. மியூராக், எல் மிராஜ், ரோசமண்ட் என்பன அவற்றுட் சில. தடுக்கி விழ ஒரு கல்லோ மோதிக்கொள்ள ஒரு மரமோ இல்லாமல், கண்ணுக்கெட்டிய தூரம் சமமாகக் கிடக்கும் களிமண் தரை அது. விவரம் அறிந்த இளைஞர்கள் தெருவை விட்டு அங்கே சென்றனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். அந்தத் தரையைச் சமன் செய்தவர் யார்? மழைக்காலத்தில் ஏரியில் சிறிதளவு நீர் தேங்குகிறது. நீரில் கரைந்த நுண்ணிய களிமண், காற்றால் இங்குமங்கும் அலைக்கப்பட்டு, பள்ளங்களை நிரப்பிச் சமமாகப் படிகிறது. பிறகு கோடை வருகிறது. கதிரவன் நீரை உறிஞ்சித் தரையைச் சுட்டு இறுக்குகிறான். நாம் செங்கலைச் சூளையில் வைத்துச் சுடுவதுபோல, இயற்கை ஓர் ஏரி முழுவதையும் சுட்டெடுக்கிறது. ஓட்டக்காரர் தலையைக் காயும் அதே வெயில்தான் அவர்களுடைய களத்தையும் அமைத்துத் தருகிறது. குளிர்ந்த மாதங்களில் மழை பெய்தால் அத்தரை சேறாகிவிடும், வண்டி புதையும். வெயிலை வேண்டாமென்று தள்ளினால் களத்தையும் தள்ளியவர் ஆவோம்.

தொலைவும் அப்படியே. 150 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்ததனால் அன்றோ வேகம் தெருவை விட்டு நீங்கியது? குழந்தைகள் விளையாடும் வீதிக்கும் வேகத்திற்கும் இடையே அத்தொலைவு ஒரு மதிற்சுவராக நின்றது.

ஆயினும் பாலைவனத்திலும் ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. தொடக்கத்தில் பல வண்டிகள் ஒரே வரிசையில் நின்று ஒருசேரப் பாய்ந்தன. முன்னே செல்வோர் கிளப்பிய புழுதியில் பின்னே வருவோர்க்கு ஒன்றும் தெரியாது. அதனாலும் உயிர்கள் போயின. 1937ஆம் ஆண்டில் பல சிறு மன்றங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் என்று ஒன்றை நிறுவின. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மியூராக்கில் அச்சங்கத்தின் முதல் ஓட்டம் நடைபெற்றது. ஓடுமுன் வண்டியைச் சோதிக்க வேண்டும், தலைக்கவசம் வேண்டும், நேரத்தைக் கருவியால் அளக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் வளர்ந்தன. நாளடைவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே ஓடும் முறை நிலைத்தது. ஒருவன் மற்றவனைத் தோற்கடிப்பதைவிடக் கடிகாரத்தோடு போட்டியிடுவதே அங்கே பெருமை.

இனி வெப்பத்தை அவர்கள் எவ்வாறு சமாளித்தனர் என்று பார்ப்போம். மேற்சொன்ன 1932ஆம் ஆண்டு இயந்திரத்தில் ஒரு குறை உண்டு. எரிந்த புகை வெளியேறும் வழி இயந்திரக் கட்டியின் ஊடே, குளிர்விக்கும் நீரை ஒட்டிச் செல்கிறது. புகையின் சூடெல்லாம் நீரில் ஏறும். கோடையில் நீர் கொதித்துப் பொங்குவது வழக்கம். இளைஞர்கள் சோர்ந்துவிடவில்லை. நீர் ஆறும் கலத்தைப் பெரிதாக்கினர். இயந்திரத்தை மூடும் தகரத்தில் வரிசை வரிசையாகப் பிளவுகள் இட்டு வெங்காற்று வெளியேற வழி செய்தனர். இன்று அவ்வண்டிகளில் அழகாகத் தோன்றும் அப்பிளவுகள் வெயிலுக்கு அஞ்சி இட்டவையே.

பாலைவனப் பயணத்தில் வண்டியின் முன்புறம் கித்தான் பை ஒன்றில் நீர் நிரப்பிக் கட்டிக்கொள்வதும் அந்நாளைய வழக்கம். பையின் மேற்பரப்பில் கசியும் ஈரம் காற்றில் உலரும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம் வீட்டு மண்பானையின் தத்துவமும் இதுதான். சாளரத்தில் நாம் கட்டும் வெட்டிவேர்த் தட்டியின் தத்துவமும் இதுதான். முற்காலத்தில் இரயில் பயணிகள் கித்தான் பையில் நீர் நிரப்பிச் சாளரக் கம்பியில் தொங்கவிட்டு வந்ததை நம் சங்கத்து முதியோர் நினைவில் வைத்திருப்பர். உலகின் இரு மூலைகளில் இருந்தவர்களுக்கு வெயில் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது.

மற்றொன்று, பொழுதைத் தேர்ந்தெடுத்தல். சூடான காற்று விரிந்து மெலிகிறது. மெலிந்த காற்றை உட்கொள்ளும் இயந்திரத்துக்கு எரிபொருளை எரிக்கப் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை, வலிமை குறைகிறது. ஆதலின் விடியற்காலையே ஓட்டத்திற்கு ஏற்றது என்று கண்டனர். முதல்நாள் இரவே ஏரிக்கரை சென்று, திறந்த வெளியில் படுத்துறங்கி, கீழ்வானம் வெளுக்கும்போது வண்டியை வரிசையில் நிறுத்துவர். நண்பகலில் நிழலில் இருந்து பழுது பார்ப்பர். அவர்கள் வெயிலோடு மல்லுக்கு நிற்கவில்லை. நாளை இரண்டாகப் பகுத்து, தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஏரி ஓட்டங்கள் நின்றன. இளைஞர்கள் படையில் சேர்ந்து கடல் கடந்து சென்றனர். மியூராக் ஏரி விமானப்படைக்கு உரியதாயிற்று. பொழுதுபோக்கு இத்துடன் அழிந்திருக்க வேண்டும். அழியாமல் காத்தவர் ஓர் அம்மையார். அவர் பெயர் வீடா ஆர். அச்சங்கத்தில் ஆடவரோடு சேர்ந்து வண்டி ஓட்டிய முதற் பெண்மணி அவரே. போர்க் காலத்தில் சங்கத்தின் சிறு செய்தித்தாளை அவர் தொடர்ந்து வெளியிட்டு, அயல்நாடுகளில் இருந்த வீரர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவந்தார். எங்கோ ஒரு தீவில் கூடாரத்தில் கிடந்தவன், தன் நண்பன் எந்தப் படைப்பிரிவில் இருக்கிறான், எந்த வண்டி யாருடைய கொட்டிலில் உறங்குகிறது என்று படித்து மகிழ்ந்திருப்பான். அது பளபளப்பான ஏடு அன்று. ஆனால் தொலைவைச் சுருக்கியது. போர் முடிந்து திரும்பியோர் எல் மிராஜ் ஏரியில் மீண்டும் கூடினர்.

இந்த மாத இதழைப் புரட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டுமா? புதுமனை புகுவிழாச் செய்தியும், தேர்வில் தேறிய பிள்ளைகளின் பெயரும், மறைந்த முதியவர்க்கு நான்கு வரி அஞ்சலியும் அச்சிடும் சிற்றேடுகளை ஏளனமாக எண்ணுவோர் உண்டு. அவற்றின் பணி எத்தகையது என்பதை அந்த அம்மையாரின் செயல் காட்டும்.

போருக்குப்பின் இக்கலை விரைந்து வளர்ந்தது. 1946ஆம் ஆண்டில் பில் பர்க் என்பவர், போர் விமானங்களில் கூடுதல் எரிபொருள் சுமந்த கலம் ஒன்றை வாங்கி, அதனையே உடலாக வைத்து வண்டி ஒன்றைச் சமைத்தார். போர்க்களத்திற்கென்று செய்த பொருள் விளையாட்டுக் களத்திற்கு வந்தது. 1948 சனவரியில் ராபர்ட் பீட்டர்சன் என்னும் இளைஞர் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியர் பொறுப்பேற்ற வாலி பார்க்ஸ், 1951ஆம் ஆண்டில் இளைஞர்களைத் தெருவிலிருந்து முறையான ஓடுதளங்களுக்கு அழைத்துவர ஒரு தேசியச் சங்கத்தையே நிறுவினார்.

வண்டிகளின் வேகம் மிகுந்தபோது ஏரிகளின் நீளம் போதவில்லை. 1949 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்துப் பானவில் உப்புச் சமவெளிக்குச் சென்றனர். லாஸ் ஏஞ்சலசிலிருந்து அது ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். நாகபுரியிலிருந்து நாம் சென்னைக்குச் செல்லும் தூரத்தைவிடச் சிறிதே குறைவு. அங்கும் கதை ஒன்றே. குளிர்காலத்தில் உப்பின்மேல் நீர் தேங்குகிறது. கோடை அதனை உலர்த்தி வெண்ணிறத் தளமாக்குகிறது. எனவே கோடையின் உச்சியில், ஆகஸ்டில், ஓட்ட வாரம் நடைபெறுகிறது. வெயில் மேலிருந்தும் காய்கிறது. வெண்மையான உப்பில் பட்டுக் கீழிருந்தும் காய்கிறது. முகவாய்க்கு அடியிலும் களிம்பு பூசிக்கொள்ளும்படி பழகியவர்கள் புதியவர்களை எச்சரிப்பர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் எட்டில் ஒரு பங்கு குறைவு. அது இயந்திரத்தின் வலிமையைக் குறைக்கிறது. வண்டியை எதிர்க்கும் காற்றின் வலிமையையும் குறைக்கிறது. ஒரு கையால் பறித்ததை மறு கையால் சிறிது திருப்பித் தருகிறது இயற்கை.

இத்தனை துன்பத்திற்கும் கிடைக்கும் பரிசுப் பணம் எவ்வளவு? ஒன்றும் இல்லை. சாதனைப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவே. அந்த ஒரு வரிக்காகப் பசிபிக் மாகடலையே கடந்து வந்த முதியவர் ஒருவர் உண்டு. நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் ஊரினரான பர்ட் மன்றோ என்பவர் அவர். 1920ஆம் ஆண்டில் அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளின் பெயர் ‘இந்தியன்’. புதிதாக இருந்தபோது அது மணிக்கு 90 கிலோமீட்டரைக்கூட எட்டாது. செல்வர் அல்லர் அவர். தம் கொட்டகையில் உலோகத்தை உருக்கித் தாமே உறுப்புகளை வார்த்து, பல ஆண்டுகள் அதனைத் திருத்தினார். 1967ஆம் ஆண்டில், தம் 68ஆம் வயதில், பானவில் உப்பின்மேல் அவ்வண்டியை மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். அவருடைய வேகத்தைக் கணக்கிட்டதில் நேர்ந்த பிழையை 2014ஆம் ஆண்டில் திருத்தியபின் கிடைத்த அளவு இது. கணக்கெழுதிப் பிழைப்பவனாகிய எனக்கு அந்தத் திருத்தமும் மகிழ்ச்சி தருகிறது. 47 ஆண்டுகள் கழிந்தும் ஒருவர்க்கு உரிய எண் அவரைச் சேர்ந்துவிட்டது.

இத்தனை உறுதி படைத்தோரும் வெல்ல முடியாத ஒன்று இப்போது தோன்றியிருக்கிறது. பானவில்லின் உப்புப் படலம் முன்னைவிட மெலிந்துவிட்டது. 2014ஆம் ஆண்டில் மழை நீர் நின்றதாலும், 2015ஆம் ஆண்டில் உப்பு தகுதியாக இல்லாமையாலும், 2022ஆம் ஆண்டில் மீண்டும் நீர் நிறைந்ததாலும் ஓட்ட வாரம் நடைபெறவில்லை. வெயிலுக்கு அஞ்சாதவர்கள், வெயில் தன் வேலையைச் செய்யாத ஆண்டுகளுக்கே அஞ்சுகின்றனர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்து, “தம்பி, என் மகன் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைக் கழற்றி வேறொன்று மாட்டியிருக்கிறான். இரவில் நண்பர்களோடு புறவழிச் சாலையில் பந்தயம் ஓடுகிறானாம். அதட்டினால் இரண்டு நாள் சாப்பிட மறுக்கிறான். நான் என்ன செய்வேன்?” என்று கண் கலங்கினார். அவர் ஒருவர் கேட்டதாக நான் கொள்ளவில்லை. கேட்கத் தயங்கும் வீடுகள் இன்னும் பல இருக்கும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக அதனை மாற்றுவதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூலமான இசைவின்றிப் பொது இடத்தில் வேகப் பந்தயம் நடத்துவதைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கிறது. ஆகவே கலிபோர்னியாக்காரரைப் போல வண்டியை உருமாற்றி நம் சாலையில் ஓட்ட இடமில்லை. இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ‘கூடாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பயனில்லை. பாலைவனத்து இளைஞர்களைத் தெருவிலிருந்து நீக்கியது அதட்டல் அன்று, ஏரி. போவதற்கு ஓர் இடம் இருந்தது. கூடியிருக்கத் தோழர்கள் இருந்தனர். மதிக்கத்தக்க விதி இருந்தது. நம் நாட்டிலும் அத்தகைய இடங்கள் தோன்றாமல் இல்லை. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953ஆம் ஆண்டில் தோன்றியது. போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் பயனின்றிக் கிடந்தது. அங்கே பந்தயங்கள் பல ஆண்டுகள் நடைபெற்றன. 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் அச்சங்கத்தின் முறையான ஓடுதளமே எழுந்தது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, ஓட்டுவோர் அணியும் கவச உடைகளையும் வண்டிகளைச் சோதிக்கும் முறையையும் காட்டலாம். நூறு அறிவுரையைவிட அது நன்று.

இங்கே இருந்தபடியே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. உருமாற்றம் கூடாதெனில் உருமீட்பு செய்யலாம். பல வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் தந்தையோ பாட்டனோ ஓட்டிய பழைய ஸ்கூட்டர் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. அதனைப் பிரித்து, துடைத்து, தேய்ந்த உறுப்பைப் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்து, செய்தவர் செய்த வண்ணமே மீண்டும் ஓடச் செய்வது சட்டத்திற்கு உகந்தது. கைக்கும் அறிவுக்கும் வேலை தருவது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவம் மாறாமல் காக்கப்படும் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் எனத் தனியே பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதியும் வகுத்திருக்கிறது.

வேகத்தை விரும்பும் பிள்ளை உண்மையில் விரும்புவது வேகத்தை மட்டும் அன்று என்பது என் எண்ணம். தன் கையால் ஒன்றை இயங்கச் செய்து, நாலு பேர் நடுவில் அதை நிறுத்திக் காட்ட விரும்புகிறான். அந்த நாலு பேராக நாம் இருந்துவிட்டால் இருட்டில் புறவழிச் சாலைக்கு அவன் ஏன் செல்கிறான்? மேற்சொன்ன அம்மையாரிடமும் இதையே சொன்னேன். அதட்டுவதற்கு முன்னால், “இந்தக் குழாயை எப்படியப்பா கழற்றினாய்? மறுபடி மாட்டவும் தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள் என்றேன்.

நம் குடியிருப்பின் பின்புறம் இரண்டு வேப்பமரங்கள் நிற்கின்றன. அவற்றின் நிழலில் காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை இந்த ஊரிலும் வெயில் நம்மை ஒன்றும் செய்துவிடாது. பணிமனையில் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் விரல்களுக்குத் தெரிந்தது எந்த நூலிலும் இல்லை. ஞாயிறுதோறும் ஒரு பழைய வண்டி, நாலைந்து இளைஞர், ஒரு பெரியவர், ஒரு மண்பானை நீர் என்று தொடங்கலாம். சங்கச் செயலாளரிடம் இதற்கு இசைவு கேட்டிருக்கிறேன். மரத்தடிக்கு வண்டி தர விரும்புவோர், இந்த வெயில் முடிவதற்குள் தம் பெயரை அவரிடம் பதிந்துகொள்ள வேண்டுகிறேன்.